முத்து முத்தாக இருக்கிறது, பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி:

டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். என் மகளுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் வயிற்றில் இரண்டு சின்னப் பரு வந்தது. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். இப்போது வயிறு, விலா, கைமடிப்பு எல்லாம் சேர்த்து எண்ணினால் பதினான்கு. ஊசித்தலை அளவிலும் இருக்கிறது, பச்சைப்பயறு அளவிலும் இருக்கிறது. தோல் நிறத்திலேயே பளபளப்பாக, நடுவில் ஒரு குழியோடு இருக்கிறது. காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடி விளையாடுகிறாள். எப்போதாவது சொறிகிறாள்.

மாமியார் இது அம்மைதான் என்கிறார். வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது, மீன் இறைச்சி நிறுத்தியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா 'கூடிஸ்' (சிரங்கு) என்கிறார். போன வாரம் மாமியார் அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை எடுத்து மூன்று பருவில் வைத்தார். அதில் இரண்டு புண்ணாகி நீர் வடிகிறது. வெள்ளிக்கிழமை டீச்சர் போன் போட்டு, "கை கால் வாய் நோய் மாதிரி இருக்கிறது, வந்து கூட்டிப் போங்கள்" என்றார். வேன்காரரும் இனி ஏற்ற மாட்டாராம். கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் மினி மார்க்கெட்டில் கேஷியர். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. வீட்டில் இரண்டு வயதில் ஒரு பையனும் இருக்கிறான். திங்கட்கிழமை அனுப்பலாமா? நீளக்கைச் சட்டை போட்டு மறைத்து அனுப்பினால் தப்பா?

ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

சகோதரி, திங்கட்கிழமை பள்ளிக்கு வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள். அந்தப் பதினான்கு பருவுக்காக இதைச் சொல்லவில்லை. செடிப்பால் பட்டுப் புண்ணான இரண்டு இடத்துக்காகச் சொல்கிறேன். அந்தப் புண் காய்ந்ததும், அநேகமாக அந்த வாரத்துக்குள்ளேயே, பிள்ளை பள்ளிக்குப் போகலாம். பரு பாட்டுக்கு இருக்கட்டும்.

கடிதத்தை வைத்துக்கொண்டு தோலைப் பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பல பேர் "உடம்பெல்லாம் என்னமோ வந்திருக்கு" என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், அளவு சொல்லியிருக்கிறீர்கள், முக்கியமாக எத்தனை நாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் தோலில் எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது காலண்டரைத்தான்.

அம்மை என்று நாம் சொல்லும் சின்னம்மை மூன்று வாரம் தங்காது. காய்ச்சலோடு சிவப்புப் புள்ளியாக ஆரம்பித்து, ஒரே நாளில் நீர் கோத்து, ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் பொருக்குத் தட்டிவிடும். புதிதாய் வந்தது, நீர் கோத்தது, காய்ந்தது மூன்றும் ஒரே வயிற்றில் ஒரே நேரத்தில் தெரியும், அரிப்பும் பிடுங்கி எடுக்கும். உங்கள் மகளுக்கு வந்தது அதுவாக இருந்தால் இந்நேரம் தழும்பை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

டீச்சர் பயந்த கை கால் வாய் நோயும் ஏழு முதல் பத்து நாளில் அடங்கிவிடும். அது உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், வாய் என்று இடம் பார்த்து வரும். வாய்ப்புண் வந்த பிள்ளை தண்ணீர் குடிக்கவே அழும். உங்கள் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. தட்டம்மை என்றால் கடும் காய்ச்சல், இருமல், சிவந்த கண் எல்லாம் முன்னால் வரும்.

அடுத்து கொசு, ஆகாஸ் என்ற பொடிப்பூச்சி, மூட்டைப்பூச்சிக் கடி. தோட்டப்புறத்துப் பிள்ளைகளின் காலைப் பார்த்தால் இதில்லாத காலே கிடையாது. சில பிள்ளைகளுக்குக் கடித்த இடம் பத்து நாள் வரை தடித்து நிற்கும். ஆனால் அது பெரும்பாலும் உடை மூடாத இடத்தில் வரும், அரிக்கும். காணாக்கடி என்று பெரியவர்கள் சொல்லும் தடிப்பு வேறு. அதில் ஒவ்வொரு தடிப்பும் ஒரு நாளுக்குள் மறைந்து, வேறிடத்தில் புதிதாய்க் கிளம்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வட்டத்துக்குள் ஒன்றுமில்லையென்றால் அது காணாக்கடி.

வழவழப்பு, பளபளப்பு, நடுவில் குழி, காய்ச்சல் இல்லை, மெல்ல மெல்லக் கூடுகிறது, வயது ஏழு. இத்தனையும் சேர்ந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ் பருவைத்தான் நினைக்க வேண்டும். நம் பாட்டிமார் பாலுண்ணி என்பார்கள். உங்கள் மாமியாரும் இது அம்மைதான் என்று சொல்லிக்கொண்டே பாலுண்ணிக்கு வைக்கும் மருந்தைத்தான் வைத்திருக்கிறார். ஒருவேளை கை அறிந்ததை வாய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் உண்மையில் அம்மைக் குடும்பத்து வைரஸே இல்லை, அது அக்கி வைரஸின் குடும்பம். உலகத்தையே நடுங்க வைத்த பெரியம்மையின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் சாதுவான மொலஸ்கம்தான். ஆக, மாமியார் சொன்னது முழுத் தப்பும் இல்லை. ஆனால் இது இரத்தத்துக்குள் போகாது, காய்ச்சல் தராது, தோலின் மேல் அடுக்கைத் தாண்டாது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கூடிஸ், அதாவது சிரங்குப் பூச்சி, அதை மட்டும் நான் லேசில் ஒதுக்க மாட்டேன். காரணம் இருக்கிறது. டாக்டராகி வந்த புதிதில் ஒரு தோட்டத்துப் பையனைக் கொண்டுவந்தார்கள். கை முழுக்கச் சின்னச் சின்னப் பரு. "பூச்சிக்கடிதான், பயப்படாதீர்கள்" என்று காலமைன் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அம்மா, தம்பி, தாத்தா என்று குடும்பமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தாத்தா ஒன்றும் பேசவில்லை, விரலிடுக்கை விரித்துக் காட்டினார், அவ்வளவுதான். நான் அன்றைக்குக் கேட்க மறந்த கேள்வி இரண்டு: இரவில்தான் அதிகமாக அரிக்கிறதா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? அதே இரண்டையும் உங்களிடம் கேட்கிறேன். இரண்டுக்கும் "ஆமாம்" என்றால், கூடவே விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று பரு இருந்தால், அக்கா சொன்னது சரி. சிரங்குப் பூச்சி முதல் தடவை ஒட்டினால் அரிப்பு தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் மற்றவர்களுக்கு அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். இரண்டு வயதுப் பையனுக்கு எப்படிப் பூசுவது என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே சிரங்காக இருந்தாலும், முதல் தடவை பூசிய மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போகலாம்.

இனி பள்ளி விஷயம்.

மொலஸ்கம் ஒட்டும், அதை மறுக்கவில்லை. தோலோடு தோல் உரசினால் ஒட்டும், ஒரே துண்டில் துடைத்தால் ஒட்டும், சொறிந்த நகத்தாலேயே வயிற்றிலிருந்து கைக்குப் போகும். ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வதால் ஒட்டாது. இது தானாகப் போக ஆறு மாதமும் ஆகும், ஒன்றரை வருஷமும் ஆகும், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் இழுக்கும். அத்தனை நாள் வீட்டில் வைத்தால் முதலாம் ஆண்டு போய் இரண்டாம் ஆண்டும் போய்விடும். அதனால்தான் மொலஸ்கத்துக்காக எந்த டாக்டரும் பள்ளி விடுப்பு எழுதுவதில்லை. விளையாட்டு, நீச்சல் எதையும் நிறுத்த வேண்டாம். உடை மூடாத இடத்தில் இருக்கும் பருவுக்குப் பிளாஸ்டர் ஒட்டினால் போதும்.

நீர் வடியும் அந்த இரண்டு புண் அப்படியில்லை. அம்மான் பச்சரிசிப் பால் தோலை எரிக்கும். எரிந்த இடத்தில் பாக்டீரியா ஏறினால், தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கோடு புண் பரவ ஆரம்பிக்கும். அந்த நீரைத் தொட்ட கை அடுத்த பிள்ளையின் கையைத் தொட்டாலே போதும். ஆக, இப்போது வகுப்புக்கு ஆபத்து நோயால் இல்லை, வைத்தியத்தால். சோப்பும் தண்ணீரும் போட்டு மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, திங்கள் காலை காட்டுங்கள். தடவுகிற மருந்தே போதுமானதாக இருக்கலாம், பரவியிருந்தால் குடிக்க மருந்து தருவார்கள். மருந்து தொடங்கி ஒரு முழுநாளாவது ஆகி, புண் காய்ந்து, மூடக்கூடிய நிலையில் இருந்தால் அனுப்பலாம். இந்தப் புண்ணை நான் பெரிதுபடுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அபூர்வமாக, சில வாரம் கழித்து இது சிறுநீரகத்தில் வேலையைக் காட்டும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் 'தே ஓ' (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

சம்பளம் போகும் கவலை எனக்குப் புரிகிறது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்தோடு சேர்த்து ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான், ஆனால் ஒரு வெள்ளிக்குக் காலை முழுக்க உட்கார வேண்டியிருக்கும். பிள்ளைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கும்போதே, கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் 'டைம் ஸ்லிப்' உங்களுக்குக் கேட்டு வாங்குங்கள். முதலாளி சம்பளத்தைக் கொடுக்காமல் போகலாம், ஆனால் சும்மா மட்டம் போட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கூடவே இன்னொன்றும் கேளுங்கள், இதுதான் முக்கியம்: பள்ளிக்குக் கொடுக்க ஒரு சின்னக் கடிதம். இன்ன நோய், வகுப்பில் உட்காரத் தடையில்லை, இன்ன தேதியிலிருந்து வரலாம். மூன்று வரி போதும். தலைமையாசிரியருக்கும் ஃபைலில் வைக்க வசதியாக மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த டீச்சர் மேல் கோபப்படாதீர்கள். 1997-இல் சரவாக்கில் கை கால் வாய் நோய் பரவியபோது பல சின்னக் குழந்தைகள் இறந்தார்கள். இன்றைக்கும் 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி, அந்த நோயைக் கண்ட டாக்டர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பருவைக் கண்டதும் போனை எடுத்தவரை எப்படிக் குறை சொல்வது? அவர் டாக்டர் இல்லை. ஆனால் அவர் சொன்னதே முடிவும் இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: "டீச்சர், டாக்டரிடம் காட்டினோம். இது மொலஸ்கம், கை கால் வாய் நோய் இல்லை. புண்ணும் காய்ந்துவிட்டது. மூடித்தான் அனுப்புகிறேன்." அதே கடிதத்தை வேன்காரருக்கும் காட்டுங்கள். பெரும்பாலும் அவர் பயப்படுவது நோய்க்கு அல்ல, மற்றப் பெற்றோரின் வாய்க்கு.

நீளக்கைச் சட்டை கேட்டீர்கள். தாராளமாகப் போடுங்கள், சொறிவதும் குறையும். ஆனால் மூடி அனுப்புவது வேறு, மறைத்து அனுப்புவது வேறு. பி.ஜே. (உடற்கல்வி) வகுப்பில் உடை மாற்றும்போது எப்படியும் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு "அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று ஏழு வயதுப் பிள்ளை தலை குனிந்து நிற்கக் கூடாது. பிள்ளையிடமே பெயரைச் சொல்லிக் கொடுங்கள். யாராவது கேட்டால், "இது மொலஸ்கம், தானாகப் போயிடும்" என்று அவளே சொல்லட்டும்.

யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கும், எழாமல் இருக்காது. தேடாதீர்கள். இந்த வைரஸ் ஒட்டி, பரு வெளியே தெரிய இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். கண்டுபிடிக்க முடியாது, அக்கம்பக்கத்தில் சண்டைதான் மிஞ்சும்.

மாமியாரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். விரலில் வந்த மருவுக்கு என் பாட்டி சுண்ணாம்பு வைத்த வடு இன்னும் என் கையில் இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகுவது லேசான காரியம் இல்லை. பெரியம்மை இருந்த காலத்தில், 'உள்ளே நோயாளி, வராதே' என்று தெருவுக்குச் சொன்ன அறிவிப்பு அது. சட்டமும் இலாகாவும் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் வைத்திருந்த தனிமைப்படுத்தல். 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள், பயம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. வேப்பிலை இருக்கட்டும், மாரியம்மனுக்கு வேண்டுதல் இருந்தால் செய்யட்டும். ஆனால் மீன், முட்டை, கோழியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், வளர்கிற பிள்ளை. செடிப்பால், சுண்ணாம்பு, அரைத்த மஞ்சள் எதுவும் இனி அந்தத் தோலில் படக் கூடாது. மாமியாரையும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது, டாக்டர் வாயால் கேட்டால் ஏறும். என் அனுபவத்தில், அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் பரப்புரை செய்வதே பாட்டிகள்தான்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் சர்வரோக சலேப்பும் (களிம்பும்) வேண்டாம். முறையாகப் பதிந்த மருந்தில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாததில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மொலஸ்கத்தின் மேல் தடவித் தடவிப் பருவைப் பெருக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தனியார் கிளினிக்கில் குளிரவைத்துச் சுடுவார்கள், சுரண்டி எடுப்பார்கள். செய்யலாம்தான். ஆனால் வலிக்கும், வடு விழலாம், எடுத்த பக்கத்திலேயே புதிதாகவும் வரலாம். பதினான்கு பருவுக்காக ஏழு வயதுப் பிள்ளையைப் பிடித்து அமுக்கி வைக்க எனக்கு மனம் வருவதில்லை. கண் இமையிலோ இமை ஓரத்திலோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், கண் டாக்டர் பார்க்க வேண்டும். நாளுக்கு நாள் பத்து இருபதாகப் பெருகினாலும் மறுபடி காட்டுங்கள். தேவைப்பட்டால் கிளினிக்கிலிருந்தே ஈப்போ பைனுன் மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

சின்னவன் விஷயத்தில் இரண்டு மாற்றம் போதும். அக்காவும் தம்பியும் ஒன்றாகக் குளிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஆளுக்கொரு துண்டு வையுங்கள், நிறத்தால் பிரித்தால் குழப்பம் வராது. இதையெல்லாம் செய்தும் அவனுக்கு வந்தால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அவனுக்கும் தானாகவே போகும். பெரியவளுக்கு நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருவைக் கிள்ளவோ பிதுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் வெள்ளைக் கட்டியில்தான் வைரஸ் குவிந்திருக்கிறது. தோல் வறண்டு அரித்தால், குளித்த ஈரத்தோடு மணமில்லாத களிம்பு தடவுங்கள்.

நான் சொன்னதெல்லாம் காய்ச்சல் இல்லாத, ஓடியாடுகிற பிள்ளைக்கு. திங்கட்கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகி வலித்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி வந்தால், அன்றைக்கே போக வேண்டும், இரவானால் மருத்துவமனைக்கு. சின்னவனுக்கு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வந்து, தூக்கத்தில் திடுக்திடுக்கென்று துள்ளினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டீச்சர் பயந்த நோயின் ஆபத்தான முகம் அதுதான்.

கடைசியாக ஒன்று. சில மாதம் கழித்து ஒரு நாள், நாலைந்து பரு திடீரென்று சிவந்து வீங்கி, பார்க்க முன்னைவிட மோசமாக இருக்கும். பயப்பட வேண்டாம். உடம்பு அந்த வைரஸைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம், அநேகமாக அந்தப் பருக்கள் சீக்கிரமே உதிரத் தொடங்கும். காய்ச்சலோ சீழோ இல்லாவிட்டால் அன்றைக்கும் பள்ளிக்குப் போகலாம். பள்ளியிலிருந்து உங்களுக்கு இன்னொரு போன் வருவதும் அன்றைக்காகத்தான் இருக்கும். டாக்டர் கொடுத்த கடிதத்தைப் படம் பிடித்து இப்போதே கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.